கணேசனுக்கு ஒரு கடிதம்: குரோடா கான்பே

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மூத்தவள் வேலை மாறிவிட்டாள். சம்பளமும் கூடுதல், தினசரி அலைச்சலும் கூடுதல். எனக்கு இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்கிறார் டாக்டர். மழைக்காலம் முடிந்ததும் ஆபரேஷன். அதற்குள் படிக்க நினைத்ததையெல்லாம் படித்துவிட வேண்டும் என்று விழுந்து விழுந்து படிக்கிறேன். இப்போது என்னைப் பிடித்துக்கொண்டிருப்பவர் குரோடா கான்பே என்ற ஜப்பானியச் சாமுராய்ப் பிரபு.

கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிடலாமா, இன்னும் நாலைந்து வருடம் கல்லாவில் உட்காரலாமா என்று கேட்டிருந்தாய். மாதச் சம்பளக்காரனான நான் வியாபாரிக்கு என்ன புத்தி சொல்வது? கான்பேயைப் பற்றிச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்.

ஹரிமா பகுதியில் ஹிமேஜியில் 1546-ல் பிறந்தவர். (ஹிமேஜி என்றதும் படங்களில் வருமே வெள்ளைக் கோட்டை, அது இவர் இறந்த பிறகு 1609-ல் கட்டி முடித்தது.) கிழக்கே நாட்டையே பிடிக்கக் கிளம்பியிருந்த பிரபு நோபுனாகா, மேற்கே அவருக்கு எதிரியான மோரி குலம், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட சீமை ஹரிமா. அக்கம்பக்கத்துச் சிற்றரசர்கள் எந்தப் பக்கம் சாய்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, நோபுனாகாதான் ஜெயிப்பார் என்று இவர் துணிந்து கணக்குப் போட்டார். அப்போது இருந்த ஒரே மகனை நோபுனாகாவிடம் பிணையாக அனுப்பினார். நோபுனாகாவின் தளபதி ஹிதேயோஷி 1577-ல் படையோடு வந்தபோது, தன் கோட்டையையே அவருக்குக் கொடுத்தார்.

அடுத்த வருடமே அந்த விசுவாசத்துக்குச் சோதனை வந்தது. அராகி முராஷிகே என்ற பிரபு நோபுனாகாவுக்கு எதிராகக் கிளம்பி, இதாமியில் அரியோகா கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டார். பேசிச் சரிக்கட்டலாம் என்று தனியாக உள்ளே போன கான்பேயைப் பிடித்துச் சிறையில் அடைத்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் வெளியுலகத்துக்குத் தகவலே இல்லை. ஆள் கட்சி மாறிவிட்டார் என்று முடிவுகட்டிய நோபுனாகா, பிணையாக இருந்த பையனைக் கொல்லச் சொல்லிவிட்டார். பத்து வயதுப் பையன்! ஹிதேயோஷியின் இன்னொரு ஆலோசகரான தாகேனாகா ஹன்பே, உத்தரவை நிறைவேற்றியதாகக் காட்டிக்கொண்டு, பையனை மினோ பகுதியில் தன் சொந்த நிலத்தில் ஒளித்துவைத்தார். கண்டுபிடித்திருந்தால் ஹன்பேயின் தலையே போயிருக்கும். 1579-ல் கோட்டை விழும் நேரத்தில் கான்பேயை அவருடைய ஆட்கள் மீட்டபோது கால் மடங்கிப்போயிருந்தது, பிறகு ஆயுள் முழுக்க நொண்டித்தான் நடந்தார். நன்றி சொல்ல ஹன்பே உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்பே போர்ப் பாசறையில் நோய்வாய்ப்பட்டு இறந்திருந்தார்.

இவருடைய யுத்த தந்திரங்களைப் புகழ்வோர் எல்லோரும் எடுப்பது 1582-ஐத்தான். சதுப்பு நிலத்தின் நடுவே இருந்த மோரி குலத்தின் தகமட்சு கோட்டையை வாளால் தொடாமல், ஆற்று நீரைத் திருப்பிவிட்டு மூழ்கடித்தார்கள். யோசனை கான்பேயுடையது என்பது வழிவழியாக வரும் பேச்சு. மண் மூட்டை கொண்டுவருபவனுக்கு மூட்டைக்கு இவ்வளவு காசு, இவ்வளவு அரிசி என்று கூலி பேசி, பன்னிரண்டே நாளில் கரையை எழுப்பினார்களாம். பருவமழை மீதியைப் பார்த்துக்கொண்டது. அந்த நேரத்தில்தான் கியோட்டோவில் நோபுனாகா தன் தளபதி மிட்சுஹிதேயின் துரோகத்தால் மாண்டார் என்ற சேதி வந்தது. ஹிதேயோஷி சேதியை எதிரிக்கு எட்டாமல் மறைத்து அவசரமாக உடன்பாடு பேசினார். கோட்டைத் தலைவர் ஷிமிசு முனெஹாரு இரு படைகளும் பார்த்துக்கொண்டிருக்க அந்த வெள்ளத்தில் படகேறி வந்து வயிற்றைக் கிழித்துக்கொண்டார். படை உடனே திரும்பியது. ஏறக்குறைய 200 கிலோமீட்டரைப் பத்து நாளுக்குள் கடந்து, யாமாசாகியில் மிட்சுஹிதேயைத் தோற்கடித்தது. அன்று முதல் நாட்டில் ஹிதேயோஷியின் கை ஓங்கியது.

அதற்கு முந்தைய வருடம் தொட்டோரி கோட்டையைப் பட்டினி போட்டுப் பணியவைத்தார்கள். முற்றுகைக்கு முன்பே சுற்று வட்டார அரிசியை அதிக விலை கொடுத்து வாங்கித் தீர்த்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் புல்லையும் குதிரையையும் தின்று, கடைசியில் பிணத்தையும் தின்றதாகப் பதிவு இருக்கிறது. ரத்தம் சிந்தாமல் வென்ற மேதை என்று கான்பேயைப் பாராட்டுகிறவர்கள் இதைக் கண்டும் காணாமல் தாண்டிப்போவது எனக்குப் பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் பரிசு, 1587-ல் தெற்குத் தீவான கியூஷுவில் புசென் பகுதியின் ஒரு பங்கு, சுமார் 1,20,000 கொக்கு. (ஒரு கொக்கு என்பது ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி.) செய்த வேலைக்கு இது குறைவு. தனக்குப் பின் நாட்டைப் பிடிக்கக்கூடியவன் அந்த நொண்டிதான் என்று ஹிதேயோஷி சொன்னதாகப் பிற்காலக் கதை ஒன்று உண்டு. கதை எப்படியோ, 1589-ல், ஜப்பானியக் கணக்கில் 44 வயதில், கான்பே பொறுப்பு முழுவதையும் மகன் நாகமாசாவிடம் (பிணையாகப் போன அதே பையன்) கொடுத்துவிட்டு விலகினார். ஒரு எஜமானனின் சந்தேகம் தன் பிள்ளையின் கழுத்துவரை வந்ததைப் பார்த்தவர் அவர். இரண்டாம் முறை அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மூலையில் முடங்கிவிடவில்லை. மறு வருடம் ஹிதேயோஷி ஒடவாரா கோட்டையை முற்றுகையிட்டபோது, ஆயுதமில்லாமல் கோட்டைக்குள் போய் ஹோஜோ குலத்தாரைச் சரணடையப் பேசியவர் இவர்தான். அரியோகாவில் பட்ட பிறகும் அதே மாதிரி உள்ளே போனார், பார்!

ருசியான பகுதி 1600-ல். ஹிதேயோஷி இறந்த பின் நாடு இரண்டு அணியாகப் பிரிந்தது. நாகமாசா, அதில் ஓர் அணியின் தலைவரான இயேயாசுவின் படையோடு கிழக்கே போய்விட்டார். புசெனில் தங்கள் நகட்சு கோட்டையில் இருந்தது கிழவரும் கொஞ்சம் காவலாட்களும். கிழவர் கஜானாவைத் திறந்தார். எஜமானன் இல்லாத வீரர்கள், விவசாயிகள் என்று வந்தவர்களுக்கெல்லாம் காசை அள்ளிக் கொடுத்து ஆயிரக்கணக்கில் படை சேர்த்தார். இன்றைய பெப்பு ஊருக்கு அருகே எதிரணிப் பிரபு ஒடோமோ யோஷிமுனேயைத் தோற்கடித்து, கியூஷுவில் கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டே போனார். சொந்தமாக ஆடிய முதல் ஆட்டம்! கிழக்கே சண்டை மாதக்கணக்கில் இழுக்கும் என்பது அவர் கணக்கு.

ஆனால் செகிகஹாரா என்ற இடத்தில் அந்தச் சண்டை ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதற்குப் பெரிய காரணம் யார் தெரியுமா? நாகமாசா. எதிரணியில் இருந்த கோபாயகாவா ஹிதேஆகியையும் கிக்காவா ஹிரோயேயையும் முன்கூட்டியே பேசி வளைத்துவைத்திருந்தார். ஒருவர் களத்தில் கட்சி மாறினார், மற்றவர் படையை அசைக்கவே இல்லை. அப்பாவின் வித்தையைப் பிள்ளை அச்சு அசலாகக் கற்றுக்கொண்டதால் அப்பாவின் ஆட்டம் கலைந்தது. இன்னும் ஒரு மாதம் போர் நீண்டிருந்தால் கடல் தாண்டி, மோரி குலத்தின் சீமையான சூகோகு வரை படை நடத்தியிருப்பேன் என்ற பொருளில் அந்தக் கிக்காவாவுக்கே கான்பே எழுதிய கடிதம் இருக்கிறது. அன்று நாகமாசாவின் பக்கத்தில் நின்று போரிட்டவர் ஹன்பேயின் மகன். பையனை ஒளித்துவைத்த ஊரும் போர்க்களத்துக்கு அருகில்தான். இந்த இடத்தைப் படித்துவிட்டு அன்று மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

நாகமாசாவுக்கு 5 லட்சம் கொக்குவுக்கு மேல் வருமானமுள்ள சிகுசென் பகுதி கிடைத்தது. ஃபுகுவோகா கோட்டையை எழுப்பினார்கள். கான்பே 1604-ல் ஃபுஷிமியில் இறந்தார். கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபடி வேலையாட்களைக் காரணமில்லாமல் கடிந்து விழுந்தாராம். மகன் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டபோது, இந்தக் கிழவன் எப்போது ஒழிவான், சின்னவர் எப்போது முழுதாகப் பொறுப்பேற்பார் என்று அவர்கள் ஏங்கட்டும், அதற்குத்தான் என்று காதோடு சொன்னதாகக் கதை.

புத்தகம் வேண்டுமானால் எழுது, கண் ஆபரேஷனுக்கு முன்பே பார்சலில் அனுப்பிவிடுகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வேலு