கறுப்பு வெல்வெட்டுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

மாட்டுங்காவில் நாங்கள் நடத்திய, அமெரிக்க எழுத்தாளரும் மேஜிக் கலைஞருமான வால்டர் கிப்சன் பற்றிய கண்காட்சிக்கும் மேஜிக் நிகழ்ச்சிக்கும் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம். மேடையில் நின்றவர்களுக்குக் கைதட்டல் அன்றே கிடைத்துவிட்டது. இந்த மடல் மேடைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு.

இருளில் மறைந்து குற்றவாளிகளைப் பிடிக்கும் ‘ஷேடோ’ என்ற நாயகனின் கதைகள் வந்த பழைய அமெரிக்க இதழ்களை நம்பித் தந்த செம்பூர் ஐயாவுக்கு முதல் நன்றி. 1931 முதல் 1949 வரை வந்த 325 இதழ்களில் 282-இன் நாவல்கள் கிப்சன் எழுதியவை. அட்டையில் இருப்பதோ மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற புனைபெயர். மாதம் இரண்டு இதழ், நாவலுக்குச் சுமார் 60,000 சொற்கள் என்று கணக்குப் போட்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 சொற்கள்! அச்சிட்ட தாள் மலிவான மரக்கூழ்த் தாள். அதிலுள்ள லிக்னினும் அமிலமும் அதைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். மும்பை ஈரம் அந்த வேலையை விரைவுபடுத்தும். முழுக்க விரித்தால் முதுகு பிளந்துவிடும் என்பதால் 90 பாகைக்கு மேல் திறக்காதபடி அட்டைத் தாங்கி செய்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்துத் தந்த தம்பிக்கும் நன்றி. கிழிசலில் செல்லோடேப் ஒட்ட அவர் யாரையும் விடவில்லை. அதன் பசை நாளடைவில் தாளுக்குள் இறங்கிக் கறையாகிவிடும்.

அடுத்து, தாராவி 90 அடிச் சாலைத் தையற்கடை அண்ணாச்சி. அவர் இல்லையென்றால் ‘பிளாக் ஆர்ட்’ காட்சியே இல்லை. கறுப்புத் திரைக்கு முன்னால் கறுப்பு உடை போட்டவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். வெள்ளைப் பொருளை மூடிய கறுப்புத் துணியை அவர் உருவியதும் பொருள் வெறும் காற்றில் தோன்றும். கேட்க எளிது, துணியில்தான் எல்லாம் கெடும். பாலியஸ்டர் வெல்வெட் பளபளக்கும், பருத்தி வெல்வெட்தான் வேண்டும். திரையும் அங்கியும் முகமூடியும் ஒரே தானிலிருந்து வெட்டப்பட வேண்டும். சாயம் சற்று மாறினாலும் ஆள் நிழலாகத் தெரிவார். இழைமுனை மேல்நோக்கி இருக்கும்படி தொங்கவிட்டால் கறுப்பு ஆழமாகும். இஸ்திரி போட்டால் இழை நசுங்கி மினுங்கும் என்று, மடிப்புகளை ஆவியிலேயே நீக்கித் தந்தார் அண்ணாச்சி. தூசு ஒட்டாமல் கடைசி நிமிடம் வரை பிரஷ் போட்ட பிள்ளைகளுக்கும் நன்றி.

மேடையின் முன்விளிம்பில் விளக்குகளைப் பார்வையாளர் பக்கம் திருப்பி வைத்த மின்பணியாளருக்குத் தனி நன்றி. கண் லேசாகக் கூசினால்தான் பின்னாலுள்ள இருட்டு கெட்டிப்படும். வெளிச்சம் கூடினால் முன்வரிசைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த அளவை அவர் ஒவ்வொரு வரிசையிலும் உட்கார்ந்து பார்த்துப் பிடித்தார்.

கிப்சனின் நாயகனும் நாவல்களில் இப்படித்தான் மறைகிறான்: கறுப்பு அங்கி, அகல விளிம்புத் தொப்பி, சரியான இருட்டு மூலை. மனத்தை மயக்கி மறையும் சக்தி 1937-இல் தொடங்கிய வானொலித் தொடரின் சேர்க்கை. எங்களுக்கு நாவலின் ஷேடோவே பிடிக்கும். அவன் செய்வது கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை. இதை விளக்கப் பலகைகளில் தெளிவாக எழுதிய அக்காவுக்கு நன்றி. விலங்குகளிலிருந்து தப்பிக்கும் வித்தைக்குப் பேர்போன ஹூடினி விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்து கிப்சன் புத்தகம் தொகுத்ததையும், தர்ஸ்டன் போன்ற வித்தைக்காரர்களுக்காக அவர்கள் பெயரிலேயே எழுதியதையும் முதல் பலகையிலேயே வைத்தது அவருடைய யோசனைதான்.

கண்காட்சியில் வைத்த தட்டச்சுப் பொறிக்குப் புது ரிப்பன் போட்டு, பார்வையாளர் அடித்துப் பார்க்க விட்டுவைத்த கோட்டைப் பகுதிப் பழுதுபார்ப்பவருக்கும் எங்கள் வணக்கம்.

வெல்வெட்டை மடிக்காமல் குழாயில் சுற்றி, பருத்தித் துணி போர்த்தி வைத்திருக்கிறோம். பள்ளி நிகழ்ச்சிக்கு யார் கேட்டாலும் தருகிறோம், வாடகை வேண்டாம்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர், மும்பை