எந்தக் கியர் என்று கேட்ட மகளுக்கு

தலவாக்கலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். மழை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றபடி குறையொன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். நீ ஒரு பக்கமும் மாப்பிள்ளை ஒரு பக்கமும் நின்று பேசிக்கொண்டிருக்கையில், நான் சொல்லும் ஒரு சொல் உங்களுக்குள் மனத்தாங்கலை உண்டாக்கிவிடக்கூடாது என்பதற்காகவே பேசாமல் இருந்தேன். ஒரு கிழமை நன்றாக யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன். கடிதத்தை மாப்பிள்ளையிடமும் கொடு, அவரும் வாசிக்கட்டும்.

வாங்கப்போவது டொயோட்டா ஜிஆர் 86 ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று முடிவாகிவிட்டது, கையால் கியர் மாற்றும் மெனுவலா, தானாக மாறும் ஒட்டோவா என்பது மட்டும்தான் மிச்சம் என்றாய். மெனுவலை எடு என்பதுதான் என் எண்ணம். ஆனால் அதற்கு ஊரில் வழக்கமாகச் சொல்லும் காரணங்களை நான் சொல்லப்போவதில்லை. அவற்றில் பாதி காலாவதியாகிவிட்டன.

என் காலத்துச் சாரதிகள் ஒட்டோ கியரை மட்டமாகப் பேசினார்கள் என்றால், அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. அப்போது வந்த ஒட்டோ கியர் பெட்டிகளில் மூன்று கியர், மிஞ்சிப்போனால் நான்கு. இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் கிளச் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் டோர்க் கன்வேர்ட்டர் இருக்கும். இஞ்சின் பக்கத்துச் சிறகுகள் அதற்குள் இருக்கும் எண்ணெயைச் சுழற்றித் தள்ள, அந்த எண்ணெயின் வேகத்தில் மறுபக்கத்துச் சிறகுகள் சுழன்று சக்கரங்களுக்கு விசையை அனுப்பும். எண்ணெய் வழியாகப் போகும்போது விசையில் ஒரு பகுதி வெப்பமாகிக் கரைந்துவிடுவதால் வண்டி சோம்பும், பெற்றோலும் கூடுதலாகப் போகும். இன்றைய பெட்டிகளில், ஓடத் தொடங்கியதும் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கிளச் ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. கியர்களும் ஆறு, எட்டு, பத்து என்று பெருகிவிட்டன. ஆகவே ஒட்டோ என்றால் பெற்றோல் குடிக்கும் என்று யாராவது உன்னிடம் சொன்னால், அதை அப்படியே நம்பிவிடாதே.

வேகத்தின் பெயரால் மெனுவலுக்கு வாதாடுவதும் இனிப் பொருந்தாது. 1989 இல் ஜான் பார்னார்ட் வடிவமைத்த பெராரி ஃபார்முலா 1 காரில் கியர் கம்பியை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் துடுப்புகளை வைத்தார்கள். அந்த ஆண்டின் முதல் பந்தயத்தை, பிரேசிலில், நைஜல் மான்செல் அந்தக் காரிலேயே வென்றார். அதன் பிறகு சாதாரணக் கார்களுக்கும் இரட்டைக் கிளச் பெட்டி வந்தது. ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளச்சிலும் இரட்டைப்படைக் கியர்கள் இன்னொரு கிளச்சிலும் இருக்கும். நீ மூன்றாவதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளச் விடும் அதே கணத்தில் மற்றது பிடித்துக்கொள்ளும். எந்த மனிதனின் கையும் காலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மெனுவலைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. 2013 இல் போர்ஷே நிறுவனம் தனது 911 ஜிடி3 காரை இரட்டைக் கிளச்சுடன் மட்டும் வெளியிட்டது. மெனுவலே கிடையாது என்றார்கள். அந்தக் காரை நேசித்தவர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 2016 இல் மெனுவல் மட்டுமே உள்ள 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் செய்தார்கள். அடுத்த ஆண்டில் ஜிடி3 க்கும் மெனுவல் திரும்பி வந்தது. 2021 இல் வந்த ஜிடி3 மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட இரட்டைக் கிளச்சுக்கு 3.4 விநாடியும் மெனுவலுக்கு 3.9 விநாடியும் ஆகும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. அரை விநாடி பிந்தும் என்று தெரிந்துகொண்டே, அவ்வளவு பணம் கொடுத்து, மனமறிந்து மெனுவலை வாங்குகிறார்கள். அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

நீ பார்க்கும் வண்டியில் இரட்டைக் கிளச் இல்லை. ஒட்டோ என்றால் டோர்க் கன்வேர்ட்டருடன் கூடிய ஆறு கியர் பெட்டிதான். மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட மெனுவலுக்கு 6.1 விநாடி, ஒட்டோவுக்கு 6.6 விநாடி என்று டொயோட்டா அமெரிக்காவில் அறிவித்திருந்தது. இங்கே மெனுவல் முந்துகிறது. ஆனாலும் அந்த அரை விநாடிக்காக அதை எடு என்று நான் சொல்லவில்லை.

என் காரணம் ரம்பொடை இறக்கத்தில் கிடைத்தது. நீ பிறப்பதற்கு முன் நடந்தது. உன் அம்மாவிடமும் வெகுகாலம் சொல்லவில்லை. தோட்டத்து லொறியில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். லபுக்கலையைத் தாண்டியதும் பனி மூடிக்கொண்டது. இரண்டாவது கியரில் இறங்கியிருக்க வேண்டிய இடத்தில், நேரத்தைப் பிடிக்கலாம் என்று மூன்றாவதில் இறங்கத் தொடங்கிவிட்டேன். ஒரு வளைவு நான் நினைத்ததைவிடக் கிட்ட வந்துவிட்டது. வளைவுக்குள் இருந்துகொண்டே இரண்டாவதுக்கு மாற்றப் பார்த்தேன். அந்த லொறியில் கியர் மாற்றுவதென்றால் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு, எக்சிலேட்டரைக் கொடுத்து இஞ்சினின் வேகத்தைக் கூட்டி, மறுபடியும் கிளச்சை மிதித்துத்தான் கீழ் கியரைப் போட வேண்டும். அவசரத்தில் எக்சிலேட்டரைக் குறைவாகக் கொடுத்துவிட்டேன். கம்பி உள்ளங்கையில் கறகறவென்று அதிர்ந்து திருப்பியடித்தது, கியர் ஏறவில்லை. வண்டி நியூட்ரலில் கிடக்க, பின்னால் இருந்த சுமை தள்ளத் தொடங்கியது. பிரேக் முதலில் பிடித்தது, பிறகு மிதி மெத்தென்று உள்ளே போனது, பின் லைனர் கருகும் வாடை வந்தது. பக்கத்தில் இருந்த கிளீனர் பையன் ஒரு வார்த்தையும் பேசாமல் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கிளச்சை விட்டு எக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தி, இஞ்சின் அலறிய பிறகு மூன்றாவதைத் தள்ளினேன், ஏறிவிட்டது. மலைப் பக்கத்துக் காணில் இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். பையன் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். டிரம்மில் தண்ணீர் தெளித்தால் சீறியது.

ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிகள் சொல்வார்கள். அதை நான் அதற்கு முன் நூறு தடவை கேட்டிருக்கிறேன். வளைவு வந்த பிறகு கியரைத் தேடக்கூடாது, வளைவு கண்ணில் படும்போதே கியர் முடிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள் என்று அன்றைக்குத்தான் என் உடம்புக்குத் தெரிந்தது. அதன் பிறகு எந்த வீதியில் போனாலும் என் கண் வண்டிக்கு முன்னால் நூறு யார் தள்ளியே ஓடும். மெனுவல் உன்னிடம் கேட்பது இதைத்தான். ஒட்டோ பெட்டிக்கு வண்டியின் வேகமும் உன் காலின் அழுத்தமும் தெரியும். முன்னால் இருக்கும் வளைவு தெரியாது. நீ பிரேக்கை மிதித்த பிறகுதான் அது யோசிக்கத் தொடங்கும். துடுப்பை இழுத்து நீயே முன்கூட்டி மாற்றிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். உண்மைதான், மலை இறக்கத்தில் ஒட்டோ ஓட்டுகிற யாரும் அதைச் செய்தே ஆகவேண்டும். ஆனால் செய்யாவிட்டாலும் வண்டி ஓடும் என்பதால் களைத்த ஒரு மாலையில் செய்யாமல் விடத் தோன்றும். மெனுவலில் அப்படி விட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. உனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஏப்ரல் வசந்தகாலத்தில், நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டிக்குக் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கிறதா? 1934 இல் தொடங்கிய போட்டி அது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒவ்வொரு காராக நேரம் பார்த்து மேலே விடுவார்கள். கூட்டத்தில் உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முகத்தைச் சுருக்கினாய். கண்ணை மூடிக்கொண்டு கேள் என்றேன். சிறிது நேரத்தில், “இவர் கியரைப் பிந்திப் போட்டுவிட்டார் அப்பா” என்றாய். நீ சொன்னது சரிதான். அந்தக் கார் வளைவை விட்டு வெளியே வரும்போது மூச்சு வாங்கியது. அந்தக் காது உனக்கு இருக்கிறது. பிறகு நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வீதியில் உன்னை ஓட்டவிட்டபோதும், இஞ்சின் முனகுவதைக் கேட்டு நான் சொல்வதற்கு முன்பே கியரை இறக்கினாய். இத்தனை வருடமாக ஒட்டோவையே ஓட்டிக்கொண்டிருக்கிறாய். அந்தக் காதுக்கு அங்கே வேலையே இல்லை.

மாப்பிள்ளை சொல்வதையும் நான் தள்ளவில்லை. உங்கள் மெல்போர்னில் மொனாஷ் நெடுஞ்சாலையில் காலையும் மாலையும் ஊர்ந்து போகும் வரிசையில் கிளச்சை மிதித்து மிதித்து இடது கால் ஓய்ந்துவிடும். உங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கார் என்றால் நானும் ஒட்டோவையே எடுக்கச் சொல்லியிருப்பேன். வேலைக்குப் போக இன்னொரு கார் நிற்கிறதே. அவர் சொன்ன இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது: முன்னால் ஆபத்து வந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் கமரா வசதி இந்த வண்டியில் முதலில் ஒட்டோவுக்கு மட்டும்தான் இருந்தது, 2024 மாடலிலிருந்துதான் பல நாடுகளில் மெனுவலுக்கும் வந்தது. நீ பார்க்கும் வண்டியில் அது இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள். கொஞ்சம் கூடுதலாகப் பணம் போனாலும் அது உள்ள வண்டியையே எடு. இதில் மாப்பிள்ளை பக்கம்தான் நான்.

பாவித்த வண்டி என்பதால், பார்க்கப் போகும்போது இஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடு. குளிர்ந்த பெட்டியில் ஒன்றிலிருந்து இரண்டாவதுக்கும், மூன்றிலிருந்து இரண்டாவதுக்கும் மாற்றிப் பார். உள்ளே பல் உரசும் சத்தம் வந்தால், அதற்குள் இருக்கும் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். போடும் கியரின் வேகத்தையும் அது பூட்டிக்கொள்ளும் தண்டின் வேகத்தையும் சமப்படுத்தி, ரம்பொடையில் நான் காலால் செய்யத் தவறிய வேலையை உனக்காகச் செய்து தருபவை அவைதான். பிறகு நேரான வீதியில் நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே எக்சிலேட்டரை முழுதாக மிதி. வண்டியின் வேகம் ஏறாமல் இஞ்சினின் சுற்று மட்டும் ஏறினால் கிளச் பிளேட் முடிந்துவிட்டது. வண்டியை நிறுத்தி, இஞ்சின் ஓடும்போது கிளச்சை மிதித்தால் மட்டும் ஒரு கிரீச் சத்தம் வந்தால் ரிலீஸ் பெயாரிங். இவை இரண்டும் மாற்றக்கூடியவைதான், ஆனால் அதற்குக் கியர் பெட்டியையே இறக்க வேண்டும், கூலி அதிகம். விலையில் அதைக் குறைக்கச் சொல். இந்த வகைக் கார்களைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், டயரின் ஓரங்களையும் குனிந்து பார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு வண்டிகளையும், மெனுவலையும் ஒட்டோவையும், மவுண்ட் டண்டினோங் மலை வீதியில் ஏற்றி இறக்கிப் பார்க்க முடியுமா என்று கேள். மாப்பிள்ளையும் ஓட்டட்டும். இறங்கி வரும்போது ஓட்டாதவர் எனக்கு அழைப்பு எடுத்து, தொலைபேசியைக் கியர் கம்பிக்குப் பக்கத்தில் பிடிக்கட்டும். படம் வேண்டாம், சத்தம் மட்டும் போதும். எந்த வண்டி என்று சொல்லாதீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா