வீட்டு அம்ப்ளிபையரும் புறக்கோட்டை டிரான்சிஸ்டரும்

ஆசிரியர் அவர்கட்கு,

கூடிய வலுவுள்ள அம்ப்ளிபையர் ஒன்றை வீட்டிலேயே அமைத்துக்கொள்வது பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை, நாற்பது ஆண்டுகளாகக் கொட்டாஞ்சேனையில் வானொலிப் பெட்டிகளும் அம்ப்ளிபையர்களும் திருத்திவருபவன் என்ற முறையில் இரண்டு தடவை வாசித்தேன். சுற்றுப்படத்தில் நான் பிழை காணவில்லை. ஆனால் பவர் சப்ளைக்கு மூன்று வரிகளும் பாதுகாப்புக்கு ஒரு வரியும் ஒதுக்கிவிட்டு, பாகங்களைப் பார்த்து வாங்குவது எப்படி என்பதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டிருப்பதை அப்படியே கடந்து போக முடியவில்லை. என் மேசைக்கு வந்து சேரும் கருகிய பெட்டிகளில் பெரும்பாலானவை சுற்றுப்படப் பிழையால் கருகியவை அல்ல.

என் அக்காவின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த மாதங்களில், ஆயிரம் வாட் என்று அச்சிட்ட ஒரு போர்டைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி, நடுவிலிருந்து இரு பக்கமும் 50 வோல்ட் தரும் 50-0-50 ட்ரான்ஸ்போமர் ஒன்றும், தொழிலில் உள்ளவர்கள் '5200-1943 சோடி' என்று சொல்லும் (2SC5200, 2SA1943) டிரான்சிஸ்டர்கள் நான்கு சோடியும் சேர்த்து ஓர் அம்ப்ளிபையர் கட்டினான். கால் மணி நேரம் மெதுவாகப் பாடியது. சத்தத்தைக் கூட்டியதும் ஒரு டிரான்சிஸ்டர் ஷோர்ட் ஆகி, 70 வோல்ட் நேர்மின் (திசை மாறாத டி.சி. மின்) அப்படியே 15 அங்குல ஸ்பீக்கருக்குள் போய்விட்டது. அந்த ஸ்பீக்கரின் சுருள் நேர்மின்னுக்கு ஏறத்தாழ 6 ஓம் தடையே காட்டும் என்பதால், 11 அம்பியருக்கு மேல் ஓடி, 800 வாட் வெப்பம் ஒரு சிறு செப்புச் சுருளுக்குள் இறங்கியிருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது அறை முழுக்க அரக்கும் காகிதமும் எரிந்த மணம். "மாமா, எல்லாத்தையும் மீட்டர் வைச்சுப் பார்த்துத்தான் பூட்டினேன்" என்றான் பையன். அவன் சொன்னது உண்மை. குறை அவன் பார்த்த விதத்தில் இல்லை.

எரியாமல் மிஞ்சிய ஒன்றையும், பழைய ஜப்பானிய அம்ப்ளிபையர் ஒன்றிலிருந்து நான் கழற்றி வைத்திருந்த அதே இலக்கமுள்ள ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கறுப்புப் பிளாஸ்டிக்கைக் குறட்டால் உடைத்துப் பார்த்தோம். ஜப்பானியப் பாகத்தினுள் இருந்த சிலிக்கன் சில்லு சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு இருந்தது. கடையில் வாங்கியதனுள் இருந்ததோ எள்ளைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். வெளியே எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று, கம்பனியின் பெயரும் ஒன்று. இரண்டுமே டிரான்சிஸ்டர்கள் என்பதால் மல்டிமீட்டர் இரண்டையும் நல்லதென்றே காட்டும். 15 அம்பியரைத் தாங்குமா என்பது நாம் அதனிடம் கேட்ட கேள்வியே அல்ல.

உண்மையான 5200 டிரான்சிஸ்டர் 230 வோல்ட், 15 அம்பியர், 150 வாட் தாங்கும் என்று தயாரிப்பாளர் தாள் கூறுகிறது. அந்த 150 வாட்டும் அதன் உலோக முதுகு 25 பாகை செல்சியசில் இருக்கும்போது மட்டுமே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கொழும்பின் பகல் வெப்பத்தில், கையால் தொட முடியாத சூட்டில், அதாவது 75 பாகையில் அது வேலை செய்தால், தாங்கும் அளவு 90 வாட்டாகக் குறைந்துவிடும். அசல் பாகத்துக்கே நிலைமை இதுவென்றால் எள்ளளவுச் சில்லின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகமுள்ள டிரான்சிஸ்டரைப் பெரிய ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) மைக்காவும் பேஸ்ட்டும் வைத்து இறுக்கி, 50 வோல்ட்டில் ஓர் அம்பியரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். அசல் பாகம் அதைப் பொருட்படுத்தாது. கொப்பி, அதாவது போலி, பெரும்பாலும் அந்த மேசையிலேயே செத்துவிடும். ஸ்பீக்கர் எரிவதைவிட அது மலிவு.

பவர் சப்ளையில் மின்னைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டரிலும் இதே கூத்துத்தான். 10,000 மைக்ரோபாரட் என்று எழுதிய பெரிய டப்பாவை வெட்டிப் பார்த்தால் உள்ளே கட்டைவிரலளவு வேறொரு கப்பாசிட்டர் குந்தியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். கையில் எடுத்ததும் பாரத்தில் தெரிந்துவிடும் என்றாலும், புதிதாகத் தொடங்கும் பையனுக்கு அந்தப் பாரம் எப்படித் தெரியும்?

இனி அந்த ஆயிரம் வாட் கணக்கு. 50-0-50 ட்ரான்ஸ்போமரின் மாறுமின்னைச் சீராக்கினால் இரு பக்கமும் ஏறத்தாழ 70 வோல்ட் கிடைக்கும். சுமை ஏறியதும் அது இறங்கி, டிரான்சிஸ்டர்களிலும் சில வோல்ட் விழுந்து, ஸ்பீக்கரைச் சென்றடைவது உச்சமாக 62 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 8 ஓம் ஸ்பீக்கரில் அது 240 வாட். அதே ஸ்பீக்கரில் ஆயிரம் வாட் வேண்டுமானால் உச்சம் 126 வோல்ட்டைத் தாண்ட வேண்டும்; அந்தப் போர்டு அதற்குக் கட்டப்பட்டதே அல்ல. போதாக்குறைக்கு மருமகன் வாங்கியிருந்த ட்ரான்ஸ்போமர் 300 வோல்ட்-அம்பியர் அளவுடையது. குடத்தில் உள்ளதுதானே செம்புக்கு வரும்? பெட்டிகளில் 'பி.எம்.பி.ஓ.' (ஒரு கணத்து உச்ச வலு) என்று அச்சிடப்படும் ஆயிரங்கள் எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாதவை. 240 வாட்டை ஆயிரமாக்கினாலும் காதுக்குக் கூடுவது ஆறு டெசிபல் சொச்சமே. சத்தம் இரட்டித்ததாகக் காதுக்குத் தோன்றுவதற்கே பத்து டெசிபல் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியை அடக்கி வைக்குமாறு உயர் நீதிமன்றம் 2007ஆம் ஆண்டில் கட்டளையிட்ட ஒரு நாட்டில், சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் தோட்டத்து வீடுகளில், இந்த ஆயிரம் வாட்டை எங்கே வைத்துக் கேட்கப் போகிறோம் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

பாகம் பொய்த்தால் பணமும் ஸ்பீக்கரும் போகும், ஆனால் எர்த் பொய்த்தால் ஆளே போய்விடும் என்பதால் கட்டுரையாளர் விட்டுவிட்டவற்றில் இதையே நான் முதலில் வைப்பேன். பெட்டியில் 'ஹம்' என்ற இரைச்சல் கேட்டால் பிளக்கின் மூன்றாவது பின்னுக்குப் போகும் எர்த் வயரை வெட்டிவிடு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. வெட்டியதும் இரைச்சல் சில வேளைகளில் நிற்பதும் உண்மையே. ஆனால் ட்ரான்ஸ்போமரின் முதற்சுருள் காப்பு என்றாவது ஒரு நாள் இளகினால், வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டும் உலோகப் பெட்டிக்கு வந்துவிடும். அங்கிருந்து மைக் வயர் வழியாக, கோயில் பஜனையில் வெறுங்காலுடன் மைக்கைப் பிடித்துப் பாடுபவரின் கைக்கு அது வந்துசேரும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக இருந்தால் தப்பலாம் என்பார்கள். பல பழைய வீடுகளில் அது விழுகிறதா என்று யாரும் அழுத்திப் பார்த்ததே இல்லை. இரைச்சலைப் போக்குவதற்கு வழி வேறு. உள்ளேயுள்ள எல்லாத் தரை வயர்களையும் கப்பாசிட்டர்களின் நடுப்புள்ளிக்கு அருகே ஒரே இடத்தில் சேர்த்து, அங்கிருந்து மட்டும் பெட்டிக்குத் தொடுக்க வேண்டும். பெட்டிக்கும் மூன்றாவது பின்னுக்கும் இடையிலான தொடுப்பில் ஒருபோதும் கைவைக்கக் கூடாது.

பிளக்கைக் கழற்றியதும் பெட்டி செத்துவிட்டதென்று எண்ணி உள்ளே கைவிடுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். இரு பக்கமும் 70 வோல்ட் ஏறிய கப்பாசிட்டர்களின் ஓரங்களுக்கிடையே 140 வோல்ட் நேர்மின் நிற்கிறது. ஒவ்வொன்றின் குறுக்கேயும் 2.2 கிலோ ஓம், 5 வாட் தடையி ஒன்றை ஈயத்தால் பற்றவைத்தால் இரண்டு நிமிடத்தில் அது வடிந்துவிடும். அப்போதும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும்.

முதன்முதலில் மின் கொடுக்கும்போது 100 வாட் பழைய இழை பல்பு ஒன்றை மெயின் வயரில் தொடராக மாட்டுவது எங்கள் தலைமுறையின் வழக்கம். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் கப்பாசிட்டர் நிரம்பிவிட்டது என்று பொருள். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷோர்ட், ஆனால் எதுவும் கருகியிராது. எல்.ஈ.டி. பல்பு இதற்கு உதவாது என்பதால் என் கடையில் நான்கைந்து இழை பல்புகளைச் சீனிப் போத்தல் போலப் பாதுகாத்து வைத்திருக்கிறேன். ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் நேர்மின்னைக் கண்டதும் துண்டிக்கும் ரிலே ஒன்றும் கட்டாயம் வேண்டும். சின்ன ரிலே 70 வோல்ட் நேர்மின்னை வெட்டும்போது தீப்பொறி வளைவாக எரிந்து தொடுப்பு ஒட்டிக்கொள்ளும் ஆகையால், விடுபடும் நிலையில் ஸ்பீக்கர் வயரைத் தரையோடு சேர்த்துவிடும்படி அதை அமைப்பது நல்லது. இந்த ரிலே ஒன்று இருந்திருந்தால் மருமகனின் ஸ்பீக்கர் தப்பியிருக்கும்.

டிரான்சிஸ்டர் விற்ற கடைக்கு நானும் அவனுடன் போனேன். கொப்பி என்பதை அவர்கள் மறுக்கவே இல்லை. "எல்லாரும் இதத்தான் கொண்டு போறாங்க" என்றார் நிற்கும் பையன். பில்லில் இலக்கம் மட்டுமே இருந்தது, அசலா கொப்பியா என்ற சொல் இல்லை. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவிய பிறகு அசல் பாகத்தை இறக்கி விற்பது கடைக்காரருக்கு எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். மலிவான மாற்றுப் பாகத்தை விற்க வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. சிறிய வானொலிக்கு அதுவே போதும். ஆனால் இன்னொரு கம்பனியின் பெயரை முதுகில் அச்சிட்டு, 15 அம்பியர் தாங்காத ஒன்றை 15 அம்பியர் பாகமாக விற்பதற்கு வேறு பெயர் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் விவகார அதிகார சபையினர் அரிசிக்கும் பருப்புக்கும் காட்டும் கவனத்தில் சிறு பங்கையாவது முதலாம் குறுக்குத் தெருவுக்கும் காட்டி, அசல், கொப்பி என்று பில்லில் எழுதிக் கொடுக்கச் செய்தால் பெரிய உபகாரமாக இருக்கும்.

இந்நாட்டு ஒலிபரப்பே கைவேலையில் தொடங்கியது. கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டுதான் தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் ஒலிபரப்பி அமைத்தார், 1925இல் நிலையமும் திறக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்த பாகங்களாவது தம்மைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

கட்டுரையாளர் அடுத்த ஞாயிறு இதழில் பவர் சப்ளையின் படத்தையும் ரிலேயின் படத்தையும் தனியாக வெளியிடுவாராயின், அவற்றை வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டி வைப்பேன். மருமகனின் பெட்டியை 25-0-25 ட்ரான்ஸ்போமரும் பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய அசல் டிரான்சிஸ்டர் ஒரு சோடியும் போட்டு மீண்டும் கட்டிவிட்டோம். இப்போது அது தருவது அறுபது வாட் அளவில்தான். அதையும் அவன் பாதிக்கு மேல் திருகியதில்லை. அதற்குள் கீழ்வீட்டு அம்மா தும்புத்தடியால் தட்டிவிடுகிறார்.

இங்ஙனம்,
பழைய வானொலி திருத்துநர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு - 13.