எறும்பைப் பார்த்துவிட்டோம்

அன்புள்ள வசந்தா,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இடது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். கட்டைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது நீல நிறம். இத்தனை வருடமாக உலகத்தைப் பழுப்பேறிய காகிதம் போலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அது தெரியாமலேயே. இப்போதும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் சுவர் ஒரு நிறம், மறு கண்ணை மூடிப் பார்த்தால் வேறு நிறம். பேத்திக்கு இது நல்ல விளையாட்டு.

கண்ணுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று மகள் என் புத்தகங்களையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டாள். கைக்கு எட்டியவை பேத்தியின் படப்புத்தகங்கள்தான். இரவில் அவளுக்குப் படித்துக்காட்டுவது என் வேலை. படித்துக்காட்டுவதாக நான்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் படிப்பது எழுத்தை; புத்தகத்தைப் படிப்பவள் அவள். வரியை முடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பப் போனால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். "இரு பாட்டி, இன்னும் முடியவில்லை." எனக்கு முடிந்துவிட்டது, அவளுக்கு முடியவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகியிருக்கிறது.

அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்த 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' அவளிடம் இருக்கிறது. 1963இல் வந்தது. மொத்தம் 350 சொற்கள்கூட இல்லை. குறும்பு செய்த பையனைச் சாப்பாடு கொடுக்காமல் அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அறைக்குள் காடு வளர்கிறது. அவன் விசித்திர மிருகங்கள் வாழும் இடத்துக்குப் போய் ராஜாவாகித் திரும்புகிறான். முதல் பக்கங்களில் படம் சின்னது, சுற்றிலும் வெள்ளை ஓரம். காடு வளர வளரப் படமும் வளர்கிறது. வெள்ளையைத் தின்று பக்கத்தை நிறைத்து, அடுத்த பக்கத்துக்கும் வழிந்து, மிருகங்களோடு கூத்தடிக்கும்போது எழுத்தையே வெளியே தள்ளிவிடுகிறது. மூன்று இரட்டைப் பக்கங்களில் ஒரு சொல்கூடக் கிடையாது. பேத்தி அங்கே மட்டும் என்னைப் பேச விடுவதில்லை. அவன் வீடு திரும்பும்போது சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்கிறது எழுத்து. சன்னலில் நிலவைப் பார்த்தால், போகும்போது பிறையாக இருந்தது வரும்போது முழுநிலவாக இருக்கிறது. போய் வந்தது கால் மணி நேரமா, பல நாளா? எழுத்து ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது. இரண்டையும் நம்புவதில் குழந்தைக்கு எந்தச் சிரமமும் இல்லை.

அந்த மிருகங்கள் முதலில் குதிரைகளாக இருக்க வேண்டியவை என்பது உனக்குத் தெரியுமா? செண்டாக்குக்குக் குதிரை வரைய வரவில்லை. சிறு வயதில் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய உறவினர்களை நினைத்து அந்த மூஞ்சிகளை வரைந்தார். குதிரைக் கால் வரவில்லை என்று நீ நோட்டைக் கிழித்துப் போட்டது ஞாபகம் வந்தது. கிழித்திருக்க வேண்டாம்.

இப்படிப் படப்புத்தகம் செய்த இன்னொரு ஓவியர் எஸ்ரா ஜாக் கீட்ஸ். 1940இல் ஒரு பத்திரிகையில் வந்த சின்னப் பையனின் புகைப்படங்களை வெட்டி வைத்துக்கொண்டார். அந்தக் கறுப்பினக் குழந்தையின் முகபாவங்கள் அவரை விடவில்லை. இருபது வருடத்துக்கு மேல் கழித்து, 1962இல், அவனைத் தன் புத்தகத்தின் நாயகனாக்கிப் பனியில் நடக்கவிட்டார். அதுதான் 'தி ஸ்னோயி டே'. துணியும் காகிதமும் வெட்டி ஒட்டிய படங்கள். பனித்திவலைகளுக்கு ரப்பரை வெட்டி அச்சு செய்துகொண்டார். பல் துலக்கும் பிரஷ்ஷால் மை தெளித்தார். நாம் உருளைக்கிழங்கில் செய்த அதே வேலைதான்!

ஆனால் எனக்கு ஆச்சரியம் மையிலோ ஒட்டுவதிலோ இல்லை. பெரும்பாலான படப்புத்தகங்களுக்கு 32 பக்கம்தான். அச்சடிக்கும் தாளை மடிக்கும் கணக்கு அது. அதற்குள் எந்த இடத்தில் பக்கம் திருப்ப வைப்பது என்று யோசிக்கிறார்கள் பார், அங்கேதான் இருக்கிறது சாமர்த்தியம். நடுவில் தையல் விழும் மடிப்பு வேறு. அதில் முகம் மாட்டிக்கொண்டால் மூக்கு காணாமல் போய்விடும். நல்ல ஓவியர் அந்த இடத்தில் ஒரு மரத்தையோ வெறும் வானத்தையோ வைத்துத் தப்பித்துவிடுவார். இதையெல்லாம் நீ ஒரு காலத்தில் எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான் தலையாட்டியிருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். புத்தகம் போதவில்லை என்று பேத்தி அடம் பிடித்ததால் பெட்டியைக் கிளறினேன். இருபத்தைந்து வயதில் நீ படம் வரைந்த அந்தக் கதைப்புத்தகம் கிடைத்தது. அட்டையில் கதை எழுதியவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. உன் பெயர் அட்டையிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. அப்போது நீ சிரித்து மழுப்பிவிட்டாய். நானும் விட்டுவிட்டேன். நான் பலமுறை என் மகளுக்குப் படித்துக்காட்டிய புத்தகம் அது. வரிகள் இன்றைக்கும் மனப்பாடம்.

பேத்தி நாலாம் பக்கத்தில் என் கையைப் பிடித்தாள். "பாட்டி, அந்த எறும்பு எங்கே போகிறது?"

எந்த எறும்பு? கதையில் எறும்பே கிடையாது. அவள் விரலை வைத்த இடத்தில், பானைக்குப் பின்னால், ஒரு கடுகளவு கறுப்பு. அடுத்த பக்கத்தில் அது படியேறுகிறது. அதற்கடுத்து ஒரு பொட்டுச் சர்க்கரையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அரண்மனையில் எல்லோரும் ராஜாவைப் பார்க்க, அது ராஜாவின் செருப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. கடைசிப் பக்கத்தில் கதை முடிந்து எல்லோரும் தூங்கும்போது வாசலில் இரண்டாவது எறும்பு காத்திருக்கிறது.

வசந்தா, நாற்பத்து மூன்று வருடம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்துவிட்டாயா? இல்லை, யாரும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்று வரைந்தாயா? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. உள்பக்கத்தில் கதை எழுதியவர் பெயருக்குக் கீழே பேனாவால் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து கோணல்தான், ஆனால் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

பதில் போடும்போது அந்த எறும்பு வீட்டுக்குப் போய் என்ன செய்தது என்று வரைந்து அனுப்பு. எழுத்து வேண்டாம். நான் எழுதியதைப் பேத்தி புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் படமே இல்லையே" என்று முகத்தைச் சுளித்து, கீழே இரண்டு எறும்புகளை அவளே வரைந்துவிட்டாள். தாளை நான் இரண்டாக மடித்தேன். மடிப்பு சரியாகப் பெரிய எறும்பின் முகத்தில் விழுந்தது. ஒரே கூச்சல். வேறு தாளில் எல்லாவற்றையும் திரும்ப எழுதி, அவளைத் திரும்ப வரையச் சொல்லி, மடிக்காமல் அனுப்புகிறேன். கவர் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யோசிக்காதே.

உன்,
கமலா