பனிக்காலத்துக்குக் கார் தயாரா?

டெல்லி வாழ் உறுப்பினர்களுக்கு வணக்கம். மூடுபனி தொடங்குமுன் பேட்டரியை முதலில் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பேட்டரியில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2க்குக் கீழே என்றால் உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும். குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு ஸ்டார்ட்டர் அதிகக் கரண்ட் இழுக்கும். பேட்டரியோ அந்த நேரம் பார்த்துத்தான் சோர்ந்து போகும். டெர்மினலில் (பேட்டரியில் வயர் மாட்டும் முனை) வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரில் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். காய்ந்ததும் வாஸலின் தடவுங்கள். வயரைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

சிம்லா, மணாலி போகிறவர்களே, ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் தயவுசெய்து கிளம்பாதீர்கள். அது உறைந்து விரிந்தால் எஞ்சின் பிளாக்கே பிளந்துவிடும், செலவு தாங்காது. கூலன்ட்டும் (உறையாமல் காக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. ஏற்கெனவே கலந்து விற்கும் கூலன்ட்டில் தண்ணீர் சேர்க்காதீர்கள். எஞ்சின் ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பனியில் ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளலாம்; அதற்குப் பதில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

கண்ணாடி உள்ளே பனித்தால் ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள், வெளிக்காற்று வரட்டும்.