செம்பவாங் வீடு விஷயமாக

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, பாலிகிளினிக்கில் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் என் கைக்கு வருவதற்குள் உனக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் என்றால் நான் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடிக்கலாம்.

நீங்கள் செம்பவாங்கில் பதிந்து வைத்திருக்கிற புது வீட்டு விஷயம்தான். அதை வாங்குகிற குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கூப்பிடும் நேரம் நெருங்கிவிட்டது. தேதி வந்திருந்தால் உனக்கும் நீ கட்டிக்கொள்ளப் போகிற தம்பிக்கும்தான் மின்னஞ்சல் வந்திருக்கும், எனக்கு எப்படித் தெரியும்? முன்பெல்லாம் வீட்டைப் பற்றி எது வந்தாலும் உடனே எனக்கு அனுப்பி, “அப்பா, இது என்ன சொல்லுது பாருங்க” என்பாய். சிட்னிக்குப் போன பிறகும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் இருந்தது.

வீவக குலுக்கலில் வீடு தேர்ந்தெடுக்க வரிசை எண் கிடைத்த பிறகு நீங்கள் இருவரும் நம் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வீடு எடுக்க எடுக்க, நம் இன ஒதுக்கீட்டில் மிச்சம் எத்தனை என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பி ஒவ்வொரு கட்டத்திலும் மாலை வெயில் எந்த அறையில் விழும் என்று பென்சிலால் சின்னச் சின்ன அம்புக்குறி போட்டார். மின்தூக்கிக்கு ரொம்பப் பக்கம் வேண்டாம் என்று நீ சொன்னாய், பக்கம் இருந்தால்தான் எனக்கு வந்து போக வசதி என்று அம்மா சொன்னாள். கடைசியில் அம்மா சொன்ன வீட்டைத்தான் எடுத்தீர்கள். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்குத் தம்பி வரவில்லை. தைப்பூசத்துக்கும் வரவில்லை. வேலை அதிகமாம், அம்மா சொன்னாள். சரி, இருக்கும்.

போன வருடம் நீ ஒரு கோபத்தில் சொன்னாய், “எங்களை மாதிரி நடுவில் இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் கிடையாது அப்பா” என்று. அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 9,000 வெள்ளிக்கு மேல் போனால் சம்பளத்தில் பிடிக்கிற மத்திய சேம நிதியின் (மசேநி) மேம்படுத்தப்பட்ட வீட்டு மானியம் கிடைக்காதுதான். 2024இல் அதைக் குடும்பங்களுக்கு அதிகபட்சம் 1,20,000 வெள்ளி வரைக்கும் உயர்த்தினார்கள், உங்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை. அது உன் மனதுக்கு வருத்தம்தான். ஆனால் 14,000 வெள்ளிக்குள் இருப்பதால் வீவகவிடம் நேரடியாகப் புது வீடு வாங்க முடிகிறதே, அதுதான் உங்களுக்குக் கிடைத்த உதவி. அதே வட்டாரத்தில் அதே அளவு மறுவிற்பனை வீடு என்ன விலை போகிறது என்று பார். அந்த வித்தியாசம் யாரும் கையில் கொடுக்காத மானியம். வீவக கடன் வட்டி 2.6 விழுக்காடு, மசேநி சாதாரணக் கணக்கு வட்டியைவிட 0.1 தான் கூட. வங்கி வட்டி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், இது அப்படி ஆடாது. மாதத் தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பதும் நல்லதற்குத்தான். நானும் அம்மாவும் ஈசூன் வீட்டுக் கடனைக் கட்டி முடித்ததே மசேநிப் பிடித்தத்தில்தான். கையில் வாங்கிய சம்பளம் உன் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் ஆனது. பேருந்து ஓட்டியவன் வீட்டில் ஒரு பொறியாளர் வந்தது அப்படித்தான். இதை நான் சொல்லாத ஆள் எங்கள் டிப்போவில் கிடையாது.

நம் தாத்தா கதை உனக்குத் தெரியும். செம்பவாங் கடற்படைத் தளத்து லைன் வீட்டில் இருந்தார்கள், 1971இல் வெள்ளைக்காரன் கிளம்பியபோது வேலையும் போனது, வீடும் போனது. வேலை கொடுத்தவன்தான் வீடும் கொடுத்திருந்தான், அதனால் இரண்டும் ஒரே நாளில் போயின. வீவக வீட்டைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் 1964இலேயே வந்துவிட்டது, மசேநிப் பணத்தை எடுத்து விலையைக் கட்டலாம் என்று 1968இல் வந்தது. ஆனாலும் தாத்தா கடன் என்றால் பயந்தார். அங் மோ கியோவில் வீடு வாங்குவதற்குள் பாட்டி எவ்வளவு பேசியிருப்பாள்! இன்றைக்கு அதே செம்பவாங்கில் பேத்தி பெயரில் வீடு என்று கேள்விப்பட்டபோது என் மனசு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னேன். அதனால் நீ எதையும் மாற்றத் தயங்குகிறாயோ என்று இப்போது ஒரு நினைப்பு வருகிறது. அப்படி இருந்தால் அது வேண்டாம். சொந்தக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இதை நிதானமாகப் படி. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது, போட்ட பிறகு யோசிப்பது செலவு. இப்போது விட்டுவிட்டால் முன்பதிவுக்குக் கட்டிய 2,000 வெள்ளி போகும், ஒரு வருடம் புது வீட்டுக்கு மனுப் போட முடியாது. அவ்வளவுதான். கையெழுத்துக்குப் பிறகு விட்டால் வீட்டு விலையில் 5 விழுக்காடு போய்விடும். நாலு லட்சம் வெள்ளி வீடு என்று வைத்துக்கொள், 20,000 வெள்ளி. சாவி வாங்கியபின் இன்னும் சிக்கல். மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டும், குறைந்தது 5 வருடம் அதில் குடியிருக்க வேண்டும், அதற்குள் பிரிகிறோம் என்றால் நினைத்தபடி விற்கவும் முடியாது, அடுத்த முறை முதல்முறை வாங்குபவர் என்ற சலுகையும் இருக்காது. என்னோடு வண்டி ஓட்டிய ஒருவர் வீட்டில் இது நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் முதலிலிருந்தே சரியாகப் பேசிக்கொள்ளவில்லை, “வீடு வந்துவிட்டதே” என்று கல்யாணத்தை முடித்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கு ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, 5 வருடம் எப்போது முடியும் என்று காத்திருந்தார்கள். அந்த மனிதர் டிப்போவில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமலே மூடுவார். எனக்கு அது மறக்காது.

நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். தம்பி நல்ல பிள்ளை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருவருக்கும் வேலை, இருவரும் வேறு வேறு நாட்டில், பேச நேரம் கிடைக்காமல் போவது சகஜம். அப்படி வெறும் தூரம்தான் காரணம் என்றால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். நீ வர முடியாவிட்டால் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து வேறொருவர் போடலாம், நான் போகிறேன். கட்டி முடிக்க எப்படியும் சில வருடம் ஆகும், அதற்குள் நீ திரும்பி வந்துவிடுவாய். ஆனால் 2,000 வெள்ளியை நினைத்தோ, வரிசை எண் இவ்வளவு நன்றாக வந்ததே என்று நினைத்தோ, அம்மா மின்தூக்கிப் பக்கம் கேட்டாளே என்று நினைத்தோ கையெழுத்துப் போடாதே.

பெரிய அத்தையை நினைத்துப் பார். 1988இல் நாங்கள் கல்யாணமாகி ஈசூனுக்கு வந்தபோது அத்தையும் எங்களோடு வந்தாள். அவளுக்கு நல்ல வேலை இருந்தது, மசேநியில் பணம் இருந்தது, ஆனால் தனியாள் என்பதால் வீடு வாங்க முடியாது. அம்மா சமைத்து முடித்துப் பாத்திரம் கழுவிய பிறகுதான் அத்தை அடுப்படிக்குள் வருவாள். யாரும் அவளை வர வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனாலும் அப்படித்தான் இருந்தாள். 1991இல் 35 வயதுக்கு மேற்பட்ட தனியாட்கள் மறுவிற்பனையில் மூவறை வரை வாங்கலாம் என்று விதி வந்தது. அத்தைக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. வாங்கிய வீட்டில் பெயிண்ட் உரிந்து கிடந்தது, ஜன்னல் ஒன்று மூடாது. குடிபோன அன்று ராத்திரி பத்து மணிக்கு மீன் குழம்பு வைத்தாள். புளி கரைத்த கையோடு கதவைத் திறந்து, “வா, சாப்பிட்டுப் போ” என்றாள். அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

இப்போது விதி இன்னும் தளர்ந்திருக்கிறது. 2013இலிருந்து தனியாட்கள் புது ஈரறை வீட்டுக்கும் மனுப் போடலாம், 2024 கடைசியிலிருந்து அது எந்த வட்டாரத்திலும் உண்டு. மறுவிற்பனை என்றால் பெரும்பாலும் அளவுக் கட்டுப்பாடு இல்லை, சம்பளம் 7,000 வெள்ளிக்குள் இருந்தால் நாலறை வரைக்கும் 40,000 வெள்ளி மானியம், பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் இன்னும் 10,000. 35 வயது என்பது மட்டும் மாறவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. உழைக்கிற பிள்ளைக்கு வீடு வேண்டும் என்றால் ஒரு துணையோடு வா, இல்லையென்றால் காத்திரு என்பது என்ன நியாயம்? 25 வயதில் அவசர அவசரமாக ஜோடி சேர்ந்து மனுப் போடுகிற பிள்ளைகளை நான் எத்தனையோ பார்க்கிறேன். நாடாளுமன்றத்திலும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், இன்னும் பேச வேண்டும்.

இதையெல்லாம் உனக்காகச் சொல்லவில்லை, தெரிந்து வைத்துக்கொள் என்றுதான். எந்தப் பக்கம் போனாலும் வழி இருக்கிறது. உன் அறையும் இருக்கிறது, அம்மா அதில் துணி காயப்போடும் கம்பியை மட்டும் வைத்திருக்கிறாள், ஒரு நாளில் எடுத்துவிடலாம்.

கையெழுத்துப் போடும் முன் யோசி. மாதக் கணக்கில் எனக்கு ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வரவில்லை. மசேநி அறிக்கையை எடுத்துப் பார், முன்பணம் 25 விழுக்காடு அதிலிருந்தே போகுமா, மிச்சம் எவ்வளவு நிற்கும் என்று. தம்பியின் கணக்கையும் பார்க்கச் சொல். சொல்ல முடியும் என்றால்.

அவருக்கு என் அன்பைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் இந்தக் கடைசி வரியில் நிற்கிறேன். அதற்கு மட்டுமாவது பதில் எழுது, அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா