வாய்க்கட்டியும் ஒரு பாட்டில் ஃபார்மலினும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பீடி சுற்றும் தொழில் மிகுந்த குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பகுதிகளில், வாய்க்குள் ஒரு கட்டி தட்டுப்பட்டாலே புற்றுநோய் என்று முடிவுகட்டி, வெளியே சொல்லாமல் காலம் தள்ளுவோர் இன்றும் உண்டு. என் அண்ணனும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தார். வலது கன்னத்தின் உட்புறம் சிறு நெல்லிக்காய் அளவில், வலியின்றி, தொட்டால் மெத்தென்று நகரும் கட்டி. ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று யாரோ சொன்னதை நம்பியவர், சாப்பிடும்போது அது பல்லில் கடிபட்டுப் புண்ணான பிறகே வாயைத் திறந்தார்.

முதலில் சென்ற கிளினிக்கில், “கொழுப்புக்கட்டிதான், இப்போதே எடுத்துவிடலாம், பரிசோதனைக்கெல்லாம் அனுப்ப வேண்டாம்” என்றார்கள். கட்டியின் பெயரைச் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் உமிழ்நீர் தேங்கிய நீர்க்கட்டி, நார்க்கட்டி, சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் கட்டி, மிக அரிதாகக் கொழுப்புத் திசுவிலேயே உண்டாகும் புற்று ஆகியவையும் பார்வைக்கு இப்படியே இருக்கக்கூடும் என்பதால், அங்கிருந்து வேறு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன்.

அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, மேல்தோலைக் கீறி, உறை கிழியாமல் கட்டியை முழுதாக எடுத்தார்கள். திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் உள்ள பாட்டிலில் போட்டதும் அந்த மஞ்சள் உருண்டை, மோரில் வெண்ணெய் மிதப்பதுபோல் மேலே வந்து நின்றது. கொழுப்பு என்பதற்கு அதுவே ஓர் அடையாளம் என்று காட்டிய மருத்துவர், ஆனாலும் நுண்ணோக்கியில் பார்த்த முடிவு வந்த பிறகே ‘லைப்போமா’, அதாவது கொழுப்புக்கட்டி, என்று எழுதிக் கொடுத்தார். வாயில் வரும் தீங்கற்ற கட்டிகளில் இது 1 முதல் 4 சதவீதம்தானாம்; பெரும்பாலும் 40 வயதைக் கடந்தவர்களுக்கு வருமாம். முழுதாக எடுத்துவிட்டால் மீண்டும் வருவது அபூர்வம். (அண்ணனின் வாய்க்கொழுப்பு ஒருவழியாகக் குறைந்தது என்று அண்ணி சொன்னதில் வீடே சிரித்தது.)

வாய்ப்புற்றுநோயைக் கண்டறிய முகாம் நடத்துவோர், எல்லாக் கட்டியும் புற்றல்ல என்பதையும், வாயிலிருந்து வெட்டியெடுக்கும் எதையும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்பது நோயாளியின் உரிமை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த முடிவுத்தாளை அண்ணன் ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.